கயிற்றில் தொங்கும்போது என்ன தெரிகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைப் பத்திரிகைகளின் அட்டைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பளிச்சென்ற நிறமும் பிரபலமான முகமும் இருந்தால் பத்திரிகை தானாக விற்றுவிடும் என்று எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாக (பக்க வடிவமைப்பாளராக) இருந்து ரேப்பர், அதாவது அட்டை, செய்தவன் நான். அட்டை மேசையில் எப்படி இருக்கிறது என்பது வேறு, கடையில் எப்படித் தெரிகிறது என்பது வேறு.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு இசைச் சிறப்பிதழுக்கு வித்வானின் முகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, மேலே மாலை நேரத்து வானத்தை விட்டு ஒரு ரேப்பர் செய்தேன். ஆபீஸில் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். மறுநாள் பெட்டிக்கடையில் போய்ப் பார்த்தால், கயிற்றில் கிளிப் போட்டு ஒன்றை ஒன்று மறைத்துத் தொங்கிய பத்திரிகைகளுக்கு நடுவே என்னுடையதில் தெரிந்தது நான்கு விரற்கடை ஊதா வானம். "என்ன சார், மழைக்கால ஸ்பெஷலா?" என்று கடைக்காரர் கேட்டார். அந்த மாத ரிட்டர்ன், அதாவது விற்காமல் திரும்பி வந்த பிரதிகள், எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிரிட்டனில் கயிறு இல்லை, தட்டு. இதழ்கள் பக்கவாட்டில் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்; இடது ஓரம்தான் கண்ணில் படும். 1986-இல் அங்கே தொடங்கி 2020 வரை அச்சில் வந்த 'க்யூ' (Q) இசை மாத இதழுக்குப் பெயரே ஒற்றை எழுத்து. இசைத்தட்டைப் போடத் தயாராக வைப்பதைக் குறிக்கும் 'க்யூ' (Cue) என்ற முழுச் சொல்லைத்தான் முதலில் நினைத்தார்களாம். ஸ்னூக்கர் குச்சிக்கும் அதே சொல்தான் என்பதால், அந்த விளையாட்டுப் பத்திரிகை என்று எண்ணிவிடப் போகிறார்கள் என்று ஓர் எழுத்தாகச் சுருக்கினார்கள். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்வது!) சிவப்புக் கட்டம், உள்ளே வெள்ளை எழுத்து, இடம் இடது மேல் மூலை. பக்கத்துப் பத்திரிகை முக்கால்வாசி அட்டையை மறைத்தாலும் அந்த மூலை தப்பித்துவிடும். அட்டையில் யார் முகம் இருக்கிறது என்பது அதற்கு அப்புறம் வரும் சங்கதி.

1981-இல் அங்கேயே வந்த 'கெர்ராங்!' என்ற ராக் இசை இதழ் வேறு ரகம். எலெக்ட்ரிக் கிதாரை ஓங்கி அடித்தால் எழும் சத்தம்தான் பெயர். எழுத்துகள் கல் பட்ட கண்ணாடி போல விரிசல் விட்டிருக்கும். போதாததற்கு ஓர் ஆச்சரியக்குறி. ஓர் அங்குல இடம்கூடக் காலியாக விடமாட்டார்கள். உள்ளே என்னென்ன போஸ்டர் இருக்கிறது என்பதைச் சின்னச் சின்னப் படங்களாக அட்டையிலேயே காட்டிவிடுவார்கள், பையன்கள் அறைச் சுவரை மனதில் வைத்துக்கொண்டு வாங்கட்டும் என்று. அதைப் பார்த்து அப்பா முகம் சுளித்தால் அட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த அப்பாவுக்கு 1993-இல் 'மோஜோ' என்ற இதழ் வந்தது: அவர் இளைஞராக இருந்தபோது கேட்ட பாடகரின் பழைய புகைப்படம், கூடவே ஒரு சிடி. எல்லோரையும் பிடிக்கிற மாதிரி செய்த அட்டையை யாரும் தனக்கானது என்று எடுப்பதில்லை.

1978-இல் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பிரிட்டிஷ் பாப் இசை இதழ் விற்றது பாட்டு வரிகளை. நம் ஊரில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்டில் போட்டியாளர்களான ப்ளர், ஒயாசிஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் இசைக்குழுக்களின் பாட்டும் ஒரே நாளில் வெளியானபோது, 'என்.எம்.இ.' என்ற இசை வார இதழ் அதைக் குத்துச்சண்டை வால்போஸ்டர் மாதிரியே அட்டையில் போட்டது. இசையே தெரியாதவன்கூட யார் ஜெயித்தார் என்று கேட்பான் அல்லவா?

கட்டுரையாளர் மெச்சிய, அமெரிக்க இசை இதழான 'ரோலிங் ஸ்டோன்' அட்டைக்கு வருகிறேன். பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனன் ஆடையில்லாமல், உடுத்தியிருக்கும் தன் மனைவி யோகோ ஓனோவைக் குழந்தை போலக் கட்டிக்கொண்டு கிடக்கும் படம். புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் அதை எடுத்தது 1980 டிசம்பர் 8 அன்று. அன்றிரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழில் பத்திரிகையின் பெயரைத் தவிர தலைப்பு வரி ஒன்றுகூடப் போடவில்லை. அழகான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரிந்திருந்ததால் அவர்களால் வாயை மூடிக்கொள்ள முடிந்தது. சாதாரண மாதத்தில் அப்படிச் செய்தால் என் ஊதா வானம்தான்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். உங்கள் டிசம்பர் இசை இதழில் மூன்று வருடமாகத் தம்புராவின் நிழலும் ஒரு குத்துவிளக்கும்தான் அட்டை. சபா கேன்டீனில் ரவா தோசைக்குக் காத்திருக்கும் மாமாவுக்கா, செல்போனில் ஆலாபனை கேட்டபடி பஸ்ஸில் போகும் பெண்ணுக்கா, யாருக்கு அது என்று எனக்குப் புரியவில்லை. போதாததற்குக் கட்டுரைத் தலைப்புகளையெல்லாம் அடியில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். கயிற்றில் தொங்கும்போது அவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. இந்த முறை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு டம்மி (மாதிரிப் பிரதி) எடுத்து, உங்கள் தெருமுனைக் கடையில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, எதிர்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஒரு டீ குடித்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சென்னை