ஐயுறுவோருக்குச் சொல்லும் மறுமொழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் நம்பிக்கை பகுத்தறிவுக்கு ஒத்ததா என்று தங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் விவாதத்தில் கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதங்களை, நானும் ஒரு கிறிஸ்தவன் என்ற முறையில், கவலையோடு வாசித்து வருகிறேன். எழுதியவர்களின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களில் பலர், எதிர்த்தரப்பினர் என்ன கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, ஏன் கேட்கிறார்கள் என்று அவர்களுடைய உள்நோக்கத்தை ஆராயப் புகுந்துவிட்டார்கள். கேள்விகள் கேட்கப்பட்ட இடத்திலேயே நிற்கின்றன.

வேதாகமத்தில் உள்ள பேதுருவின் முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்), 3-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனம் எங்கள் சபைகளில் அடிக்கடி ஓதப்படுவது. நம்மிலுள்ள நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் 'உத்தரவு சொல்ல' ஆயத்தமாயிருக்கும்படி அது சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பு வெளிவந்த காலத்துத் தமிழில் உத்தரவு என்பதற்கு மறுமொழி என்று பொருள். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது கட்டளைதான். சொல்லின் பொருள் மாறியதோடு எங்களில் பலருடைய பேச்சும் மாறிவிட்டதோ என்று நான் அஞ்சுவதுண்டு. கிரேக்க மூலத்தில் உள்ள 'அப்பொலோகியா' என்ற சொல், குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் தம் தரப்பை எடுத்துரைப்பதைக் குறிக்க வழங்கியது. அப்படியானால் நம்பிக்கையைச் சொல்ல வருபவர் விசாரிக்கப்படுகிறவராக நிற்கிறார். நீதிபதியின் இருக்கை அவருக்கு உரியதன்று.

இதற்கு முன்மாதிரியாக, முதல் கிறிஸ்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளின் 17-ஆம் அதிகாரத்தை விடச் சிறந்த பகுதி எனக்குத் தெரியவில்லை. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு, கிறிஸ்துவைப் பிரசங்கித்துவந்த பவுல் உள்ளம் கொதித்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆயினும் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்னும் இரு தத்துவப் பள்ளிகளைச் சேர்ந்த ஞானிகள் அவரை மார்ஸ் மேடை என்னும் அவைக்கு அழைத்துச் சென்றபோது அந்தக் கொதிப்பை அவர் அவர்கள்மேல் கொட்டவில்லை. தாம் ஊரைச் சுற்றிப் பார்க்கையில் கண்ட, 'அறியப்படாத தேவனுக்கு' என்று பொறித்த பலிபீடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார். அவர்கள் ஏற்காத எபிரெய வேதத்திலிருந்து ஒரு வசனத்தையும் மேற்கோள் காட்டவில்லை, மாறாக, கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கவிஞரான அராட்டஸ், ஸீயஸ் கடவுளைப் பற்றிப் பாடிய ஓர் அடியையே எடுத்து, நாம் கடவுளின் சந்ததியார் என்பதை அவர்களுடைய இலக்கியத்தின் வாயாலேயே சொன்னார். கேட்பவரின் நூல்களை மதித்துப் படித்த ஒருவரால் மட்டுமே இது இயலும். அதே வேளையில், மரித்தோரின் உயிர்த்தெழுதல் அந்த அவைக்கு நகைப்புக்குரியது என்பதற்காக அவர் அதை மறைக்கவுமில்லை. சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இதைப் பற்றி இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், தியொனீசியு, தாமரி முதலிய சிலர் நம்பினார்கள். இகழ்ந்தவர்களைச் சபிக்காமல் பவுல் அவர்களை விட்டுப் புறப்பட்டுப் போனார்.

அறிவியலின் பெயரால் ஒரு வாசகர் எழுப்பிய ஐயத்துக்கு, பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றிய பெருவெடிப்புக் கொள்கையே, வேதாகமத்தின் படைப்பு வரலாறான ஆதியாகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்று என் தரப்பிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். அக்கொள்கைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமைத்ர ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை 1927-இல் எழுதிய அவரே, தம் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்று கருதினார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்போடு இணைத்துப் பேசியது அவருக்கு உவப்பாக இல்லை. அந்தக் குருவானவர் காத்த நிதானம் நமக்கும் வேண்டும்.

துன்பத்தைப் பற்றிய கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. நான் வேதபாட வகுப்பு நடத்திய நாட்களில், தாயை நோய்க்குப் பறிகொடுத்த மாணவன் ஒருவன், இத்தனை பேர் ஜெபித்தும் கடவுள் ஏன் கேட்கவில்லை என்று என்னிடம் கேட்டான். விசுவாசத்தில் குறை இருந்திருக்கலாம் என்று நான் சொல்லிவிட்டேன். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த வாரம் முதல் வகுப்புக்கு வரவுமில்லை. குற்றமற்றவராயிருந்தும் பெருந்துன்பம் அடைந்தவரின் கதையான யோபுவின் புத்தகத்தை அதற்குப் பின்தான் நான் ஒழுங்காகப் படித்தேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாயிருந்தார்கள். கடவுளுக்காக வாதாடத் தொடங்கியபோதுதான் கொடியவரானார்கள். முடிவில் கடவுள், தம்மை நோக்கிக் கசந்து முறையிட்ட யோபு பேசியதே சரி என்றும், தம் சார்பாகப் பேசிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் சொல்கிறார். அந்த மாணவனுக்கு நான் யோபுவின் நண்பனாகத்தான் இருந்தேன். இன்று அவன் வந்து கேட்டால், எனக்கு விடை தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவனருகே உட்கார்ந்திருப்பேன். இயேசுவின் சீடரான தோமாவும் அவருடைய உயிர்த்தெழுதலை நம்ப மறுத்தவரே. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா மற்ற சீடர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தார். யாரும் அவரை வெளியே அனுப்பியிருக்கவில்லை.

வற்புறுத்தலாலும் ஆசை காட்டுவதாலும் பெறும் ஒப்புதல் விசுவாசம் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவ்வாறு எங்கு நடந்திருந்தாலும் அதைக் கண்டிக்கும் கடமை முதலில் கிறிஸ்தவர்களுக்கே உண்டு.

அற்புதங்களைப் பற்றி ஒரு வாசகர் எழுப்பிய கேள்வி இன்னும் விடையின்றி இருக்கிறது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748-இல் முன்வைத்த வாதத்தை ஒட்டியது அது: இயற்கை விதி மீறப்பட்டது என்பதை விட, சாட்சி சொன்னவர் தவறினார் என்பதே எப்போதும் நம்பத்தக்கது அல்லவா? இது வலுவான வாதம். ஒரு தனி அற்புதச் செய்தி என் காதுக்கு எட்டினால் நானும் முதலில் இப்படித்தான் எண்ணுவேன். என் மறுமொழி இதுதான். கி.பி. 55-ஐ ஒட்டி, அதாவது சிலுவை நிகழ்வுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குள், கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களை வரிசைப்படுத்தி, ஐந்நூறுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் தம் பிரசங்கமும் கேட்பவர்களின் விசுவாசமும் வீண் என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். தம் முழு வாழ்வையும் ஒரே நிகழ்வின் மெய்ம்மைமேல் வைத்து, அது பொய்யானால் எல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்ளும் சாட்சியை நான் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. கடவுள் இருக்கக்கூடும் என்பதற்கே இடம் தராதவருக்கு இது போதாது என்பதை அறிவேன். எங்கே போதவில்லை என்று அந்த வாசகர் எழுதுவாரானால், அதையும் தாங்கள் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்