பேர வாவியில் செத்த மீன் எந்தப் பாட அலகில் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறாம் தரத்திலிருந்தே விஞ்ஞானத்தைப் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என்று மூன்று பாடங்களாகப் பிரித்துவிட வேண்டும் என்று கடந்த வாரம் தங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தந்தை எழுதியிருந்தார். உயர்தரத்துக்குப் போனதும் பிள்ளை தடுமாறுகிறது, முன்கூட்டியே பிரித்துப் படிப்பித்தால் பழகிவிடும் என்பது அவர் வாதம். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் கொழும்பில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற வகையில் சொல்கிறேன், அப்படிப் பிரிப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. எட்டாம் தர வகுப்புக்குள் நான் நுழைந்ததும் கொம்பனித்தெருவிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "டீச்சர், பேர வாவியில மீனெல்லாம் செத்து மிதக்குது. ராத்திரி யாரோ நஞ்சு போட்டுட்டாங்க." வகுப்பே அவன் பக்கம் திரும்பிவிட்டது. அன்று நான் நடத்த வேண்டிய அலகு வேறு. புத்தகத்தை மூடினேன்.

அதிபரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கி, அந்தக் கிழமையே பிள்ளைகளை இரண்டு குழுவாக வாவிக்கரைக்குக் கூட்டிப் போனேன். ஒரு குழு காலை ஆறரைக்கு, மற்றது பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணிக்கு. கையில் ஒரு வெப்பமானி, வெட்டிய தண்ணீர்ப் போத்தல்கள், அமிலமா மூலமா என்று நிறம் மாறிக் காட்டும் பாசிச்சாயத்தாள், அவ்வளவுதான். தண்ணீர் முருங்கையிலைச் சாறு மாதிரிப் பச்சையாகக் கிடந்தது. அழுக்குத் தண்ணீர் என்றால் அமிலமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். காலைக் குழுவின் சிவப்புத் தாளில் பெரிய மாற்றம் இல்லை. பிற்பகல் குழுவின் சிவப்புத் தாள் நீலமானது. ஒரே வாவி, ஒரே கரை, ஏழரை மணித்தியால வித்தியாசம். வெப்பமானி காலையில் 28 பாகை காட்டியது, பிற்பகலில் 32.

அடுத்த நாள் கரும்பலகை முன் நாங்கள் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது. பச்சை நிறம் அல்காக்கள் என்னும் நுண்ணிய பாசிகளினுடையது. நகரத்துக் கான்களில் இருந்து வரும் கழிவுநீரில் நைதரசனும் பொசுபரசும் இருப்பதால் அவை கொழுத்து வளர்கின்றன. பகலில் ஒளித்தொகுப்புக்காகத் தண்ணீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டை அவை இழுத்துக்கொள்வதால் தண்ணீர் அமிலத்துக்கு எதிரான மூலத்தன்மைக்கு மாறுகிறது, தாள் நீலமாகிறது. இரவில் ஒளித்தொகுப்பு நின்றுவிடும், சுவாசம் நிற்காது. மீனும் அல்காவும் அடியில் அழுகும் குப்பையைத் தின்னும் பற்றீரியாவும் ஒரே ஒட்சிசனுக்குப் போட்டி போடுகின்றன. விடியுமுன் அது மிகக் குறைந்துபோகிறது. அதற்கு மேல், சூடான தண்ணீரில் வாயு குறைவாகவே கரையும். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். ஆக, எவரும் நஞ்சு போடாமலே ஒரு வாவியில் மீன் மூச்சுத்திணறிச் சாக முடியும். ஒட்சிசன் அளக்கும் கருவி எங்களிடம் இருக்கவில்லை. அதனால் அந்த மீன்கள் இப்படித்தான் செத்தன என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. "இன்னும் என்னத்த அளக்கணும்?" என்று பிள்ளைகளே ஒரு பட்டியல் எழுதினார்கள். விஞ்ஞானம் என்பது அதுதான்.

இப்போது அந்தத் தந்தையிடம் கேட்கிறேன். இந்தக் கேள்வியை எந்த ஆசிரியரிடம் அனுப்புவீர்கள்? வாயு கரைவது இரசாயனவியல், வெப்பநிலை பௌதிகவியல், சுவாசம் உயிரியல். மூவரும் ஆளுக்கொரு துண்டைச் சரியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். மீன் ஏன் செத்தது என்பது மட்டும் பிள்ளைக்குத் தெரியாமல் போகும்.

ஒன்றிணைந்த விஞ்ஞானம் நேற்று வந்த புதுமை இல்லை. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம்தான் இதை இடைநிலைக் கீழ் வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாக்கியது. அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் போன தலைமுறை என்னுடையது. விஞ்ஞானம் என்றால் வசதியான நகரத்துப் பாடசாலைகளில், அதுவும் கெட்டித்தனமான பிள்ளைகளுக்கு என்றிருந்த காலத்துக்குப் பிறகு, ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்த எனக்கும் அது கிடைத்தது. இன்றும் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் ஒரே பாடம், பிரிவது உயர்தரத்தில்தான். அந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் பாடநூலின் அட்டையில் ஒன்றாக இருப்பது உள்ளே ஒன்றாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு அலகு தாவரம், அடுத்தது மின், அடுத்தது அமிலமும் மூலமும். ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. படிப்பிக்கிற நாங்களும் அப்படித்தான். நான் உயிரியல் படித்தவள். ஆரம்ப வருடங்களில் சூழல் தொகுதிக்கு மூன்று கிழமை எடுப்பேன், மின்சுற்றை நாலு பாடவேளையில் முடித்துவிடுவேன். பக்கத்து வகுப்பில் பௌதிகவியல் படித்த ஆசிரியர் அதற்கு நேர்மாறு. இரண்டு வகுப்பும் ஒரே தவணைப் பரீட்சை எழுதும்!

ஒருநாள் அந்த மின்சுற்று அலகில் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், சோத்தில இருக்கிற சக்தியும் பல்புக்குள்ள போற சக்தியும் ஒரே சக்தியா?" உணவுச் சங்கிலியில் சக்தி என்று சொல்கிறோம், மின்கலத்தில் சக்தி என்று சொல்கிறோம், வெப்பமும் சக்தி என்கிறோம். மூன்றும் ஒரே அலகில், யூலில், அளக்கப்படுகின்றன என்று எட்டாம் தரம் வரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று முதல் நான் பாடம் நடத்திய விதம் மாறியது.

வாவிக்குப் போய் வந்த சில வாரங்களில் மேற்பார்வைக்கு வந்த ஒருவர் என் பாடக்குறிப்பைப் புரட்டி, "இது இந்தத் தவணை அலகில் இல்லையே" என்று கேட்டார். குறிப்பிலும் எழுதிவிட்டுப் போனார். அதன் விளைவை இங்கே சொல்ல வேண்டும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் கடலில் எரிந்தது. 25 தொன் நைத்திரிக் அமிலம் ஏற்றி வந்த கப்பல். பிளாஸ்டிக் குருணிகள் மேற்குக் கரையெங்கும் வெள்ளையாக ஒதுங்கின. பாடசாலைகள் மூடியிருந்த காலம், ஸூமில் வகுப்பு. குருணி ஏன் மிதக்கிறது, ஏன் கரைக்கே வருகிறது, அமிலம் கடலில் என்னாகும், ஆமைகள் ஏன் கரையில் செத்துக் கிடக்கின்றன என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடர்த்தி, தென்மேற்குப் பருவக்காற்று, நடுநிலையாக்கம், உணவுச் சங்கிலி எல்லாம் ஒரே சம்பவத்துக்குள் இருந்தன. அந்த மேற்பார்வைக் குறிப்பை நினைத்து, "அது பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, அட்டவணையில் இருந்த அலகை நடத்தினேன். அடுத்த வருடம் ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் "பிறகு" வரவே இல்லை. இன்றும் மனதை உறுத்துகிறது.

வேறு நாடுகளும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் 2013 இல் வெளிவந்த விஞ்ஞானக் கல்வி நியமங்கள் பிள்ளை கண்ணால் காணும் ஒரு தோற்றப்பாட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கும்படி ஆசிரியரை நகர்த்தின. கலிபோர்னியா மாநிலம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த முறையே விரும்பத்தக்கது என்று முடிவெடுத்தது, பிரித்துப் படிப்பிக்க விரும்பும் பாடசாலைகளுக்கும் வழி விட்டது. அவர்களைப் பார்த்து எழுதத் தேவையில்லை. வாவியும் கடலும் களனி கங்கையும் நம் வாசலிலேயே இருக்கின்றன.

தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. பாடநூலில் ஒளித்தொகுப்பு, அமுக்கம், சக்தி. வீட்டில் யூடியூபைத் திறந்தால் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒளிச்சேர்க்கை, அழுத்தம், ஆற்றல் என்கிறார். இரண்டும் நல்ல தமிழ்தான், ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். பாடமும் மூன்றாக உடைந்தால் அதைச் சொல்லவும் ஆளிருக்காது.

புதிய கலைத்திட்டம், மொடியூல் என்று இப்போது நிறையப் பேச்சு அடிபடுகிறது. மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தில் உள்ளவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். புத்தகத்தை மாற்றுவதற்கு முன் பாடசாலைக்குள் விஞ்ஞான ஆசிரியர்கள் எல்லோருக்கும் கிழமையில் ஒரே நேரத்தில் ஒரு ஓய்வுப் பாடவேளை ஒதுக்கிக் கொடுங்கள். மின்சுற்றை எனக்குச் சரியாகச் சொல்லித் தந்தது எந்தச் செயலமர்வும் இல்லை, பக்கத்து வகுப்புப் பௌதிகவியல் ஆசிரியர்தான். ஒளித்தொகுப்பை நான் அவருக்குச் சொன்னேன். அதுவும் ஆசிரியர் அறையில், தேநீர் ஆறும் வரை கிடைத்த நேரத்தில்.

அடுத்தது வினாத்தாள். பரீட்சையில் வராததை நம் ஊரில் யாரும் படிப்பிக்க மாட்டார்கள், டியூஷன் வகுப்பில் நிச்சயமாக மாட்டார்கள். தவணைப் பரீட்சையின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் ஒன்றாவது, ஒரே சம்பவத்தை எடுத்து மூன்று துறைகளையும் தொட்டுக் கேட்கட்டும். விடியற்காலை, வாவி, மீன், வெப்பநிலை அட்டவணை ஒன்று. மேற்பார்வைக்கு வருகிறவர்களும் எந்த அலகு என்று பார்ப்பதோடு நிற்காமல் பிள்ளைகள் என்ன அளந்தார்கள் என்றும் கேட்கட்டும்.

அப்படியான வினாக்கள் பத்துப் பன்னிரண்டு என் கையில் எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் கல்விப் பக்கத்தில் வாரம் ஒன்றுக்கு இடம் தருவீர்களானால் விடைக் குறிப்போடு அனுப்பி வைக்கிறேன். முதலாவதாக பேர வாவி மீனை அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13