டாக்கர் தானாக ஏறவில்லை

பாலு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்கு எப்படியும் திட்டுவாய், நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மூர்த்தி இன்னும் அதே மூர்த்திதான்.

ராத்திரியில் சர்வரில் டாக்கர் (ஆப்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருள்) அப்கிரேட் ஆகி கன்டெய்னரெல்லாம் விழுந்ததற்கு உபுண்டுவின் அனட்டெண்டட் அப்கிரேட்ஸை, அதாவது தானாக அப்டேட் போடும் வசதியைத் திட்டியிருக்கிறாய். அது பாவம். நீயாக மாற்றாதவரை டாக்கரின் சொந்த ரெப்போவை (பேக்கேஜ் கிடங்கை) அது தொடாது. பேக்கேஜ்களை ஏற்றும் ஆப்ட்டின் ஹிஸ்டரி லாக்கில் அந்த நேரத்துக்குரிய கமாண்ட்லைன் வரியைப் பார். 'ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட்' என்று இருந்தால் சர்வர்களை நாம் எழுதியபடி வைத்திருக்கும் கருவியான பப்பெட்டின் கைவரிசை.

"டாக்கர் மாட்யூலில் லேட்டஸ்ட் என்று எங்குமே எழுதவில்லை" என்கிறாய். சரி, இன்ஸ்டால்டு என்றாவது எழுதினாயா? என்ஷ்யூரே (எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற குறிப்பே) இல்லாத பேக்கேஜ், டிஃபால்ட் சொல்வதைக் கேட்கும். பப்பெட்டின் விதி ஃபைல்களான சைட் மேனிஃபெஸ்டிலோ ஏதோ ஒரு ரோல் கிளாஸிலோ எந்தப் புண்ணியவானோ எல்லா பேக்கேஜுக்கும் லேட்டஸ்ட் என்று டிஃபால்ட் போட்டிருப்பான். அது அந்த ஃபைலோடு நிற்காது. அங்கிருந்து இன்க்ளூட் ஆகும் கிளாஸ்களுக்குள்ளும் இறங்கும். ஒரே கிளாஸ் இன்னொரு சர்வரில் வேறு வழியாக இன்க்ளூட் ஆனால் இறங்காது. ஒரு சர்வரில் ஏறி, பக்கத்து சர்வரில் ஏறாமல் இருப்பதன் மர்மம் இதுதான். பப்பெட்டில் எனக்குப் பிடிக்காதவற்றில் இதற்கே முதலிடம். சர்வரில் இருக்கும் பப்பெட் ஏஜென்ட் அரைமணிக்கொரு தரம் ஓடும்; ரெப்போவில் புதுசு தெரிந்த கையோடு ஏற்றிவிடும்.

அந்த டிஃபால்ட் வரியைத் தூக்கு. பிறகு வெர்ஷனைக் கட்டு, அதாவது ஒரே வெர்ஷனில் நிற்கும்படி என்ஷ்யூரில் எழுது. 24.0.7 என்று மட்டும் போட்டால் அப்படியொரு வெர்ஷன் இல்லை என்று எரர் வரும். ஆப்ட்-கேஷ் பாலிசி காட்டுகிறபடியே '5:24.0.7-1~உபுண்டு.22.04~ஜாமி' என்று தலையும் வாலுமாக எழுத வேண்டும். டாக்கரின் கமாண்ட் கருவியான சிஎல்ஐ, கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டி இரண்டும் தனி பேக்கேஜ்கள். சிஎல்ஐக்கு டாக்கரின் அதே வெர்ஷன், கன்டெய்னர்டிக்கு வேறு; அவற்றையும் கட்டு.

கூடவே ஆப்ட் ப்ரிஃபரன்ஸில் ஒரு பின் வை; இந்த வெர்ஷனையே எடு என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் விதி அது. பப்பெட்டின் லேட்டஸ்டும் ஆப்ட் காட்டும் கேண்டிடேட்டைத்தான், அதாவது ஏற்றுவதற்கு அது தேர்ந்த வெர்ஷனைத்தான் எடுக்கும், அதனால் பின்னுக்குக் கட்டுப்படும். ப்ரியாரிட்டி 990 போதும், புதுசு ஏறாது. 1001 வைத்தால் ஏறியதையும் கீழே இறக்கும், யோசித்துச் செய். ஃபைல் பெயர் கான்ஃப் என்று முடிந்தால் ஆப்ட் சட்டை செய்யாது. ப்ரெஃப் என்று முடி.

பின்னணியில் ஓடும் டாக்கர் டீமனில் லைவ்-ரெஸ்டோரையும் போட்டு வை. டீமன் ரீஸ்டார்ட் ஆனாலும் கன்டெய்னர் ஓடும். பல சர்வர்களைச் சேர்த்து ஓட்டும் ஸ்வார்ம் என்றால் அது உதவாது.

எல்லாம் மாற்றியதும் முதலில் நூப்பில், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகையில், ஓட்டி அவுட்புட்டை அனுப்பு. மூர்த்தியிடம் காட்டாதே, பப்பெட் போன்ற இன்னொரு கருவியான ஆன்சிபிளுக்கு மாறச் சொல்வான். அங்கேயும் லேட்டஸ்ட் இருக்கிறது.

ரவி