கோரிக்கை மனு: மாலை நேரக் கொமுட்டர் ரயில்களுக்குப் போதிய மின்சாரம் வழங்கக் கோரி

பெறுநர்: ரயில் மின்வழங்கல் பொறுப்பதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். செம்பனை ஆலைக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் இடைப்பட்ட தண்டவாளம் தாங்கள் அறிந்ததுதான்.

1. மேல்நிலைக் கம்பியின் மின்னழுத்தம் 25,000 வோல்ட். அது 19,000-க்குக் கீழே போனால் இரண்டு நிமிடத்துக்குள் மீள வேண்டும், 17,500-தான் அடிமட்டம். இது ரயில் மின்னழுத்தத்துக்கான அனைத்துலகத் தரமான ஐஇசி 60850 சொல்வது.

2. பக்கத்துத் துணை மின்நிலையம் நின்றதும், அடுத்ததிலிருந்து நீட்டித்து மின்சாரம் தருகிறார்கள். நம் ஊர் அதன் கடைக்கோடி. இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டால் வோல்டேஜ் சரிகிறது. முதலில் ரயில் ஊர்கிறது, பிறகு அதன் பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) தானே விழுகிறது.

3. பிரேக்கர் விழுந்தால் ஏர்கோன் நின்றுவிடும். பேட்டரியில் அவசர விளக்கு எரியும், அவ்வளவுதான். சன்னல் திறக்காது. ஆறு பெட்டி நிறைய, வேலை முடிந்து வரும் ஆட்கள், கைக்குழந்தைகள், டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் முதியவர்கள். வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் காற்றில்லாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும், ஐயா? இறங்கவும் வழியில்லை: மேலே உயர் மின்னழுத்தக் கம்பி, பக்கத்தில் எதிர்த் தடம். மின்சாரம் திரும்பியதும் எல்லா ரயில்களும் ஒரே நேரத்தில் இழுத்தால் மீண்டும் விழுகிறது! ஒவ்வொன்றாகப் புறப்படச் சொல்லக் கட்டுப்பாட்டு அறைக்குப் பெரிய செலவா ஆகிவிடும்?

4. இரண்டு மின்வழங்கல் பகுதிகளைப் பிரிக்கும் மின்சாரமில்லா இடைத்துண்டில் நின்ற ரயில் தானாக நகராது, டீசல் இன்ஜின் வந்து தள்ள வேண்டும். சிக்னல் அங்கே நிறுத்தாதபடி பாருங்கள்.

5. மழைக்காலத்துக்கு முன் செம்பனை மட்டையையும் மூங்கிலையும் வெட்டுங்கள். கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்பொறி பாய்ந்து லைனில் மின்சாரம் நின்றுவிடும். இரவில் மின்சாரத்தை நிறுத்தி, தரையிணைப்புப் போட்டு, ஆட்களை இறக்கினால் முடிகிற வேலை. இதற்கும் ஆய்வுக்குழு வேண்டுமா? பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்த ஆலைக் கரியையும் அப்போதே கழுவிவிடலாம்.

6. துணை மின்நிலையத்தில் மாற்று டிரான்ஸ்போர்மர் தயாராக இருக்க வேண்டும். கடைக்கோடியில் வோல்டேஜைத் தாங்கக் கெப்பாசிட்டர் தொகுதியும் வேண்டும்.

ஐயா, மீண்டும் பணிந்து கேட்கிறோம்: மாற்று டிரான்ஸ்போர்மர் வரும்வரை, மாலை நெரிசல் நேரத்திலாவது ரயில்களை இடைவெளி விட்டுப் புறப்படச் செய்யுங்கள். நின்றால் எவ்வளவு நேரமாகும் என்று பெட்டிக்குள் அறிவியுங்கள். இந்த மனுவுக்காவது எழுத்துமூலம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புற நிலையப் பயணிகள்