பெற்றோர் கவனத்திற்கு: மூன்றாம் பருவச் செய்திகள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பொங்கல் விழா, குடியரசு தினம், விளையாட்டு விழா எல்லாம் நல்லபடியாக நடந்தன. வட்டார அளவிலான போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். ஆண்டு விழாவுக்கு வந்து கைதட்டிய அனைவருக்கும் நன்றி. சரி, பள்ளியில் பரவுகிற சின்னம்மை விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் வகுப்பு ஜன்னலோரப் பெஞ்சில் நான்கு பேர் உட்காருகிறார்கள். போன மாதம் அதில் ஒரு பையன் காலையிலிருந்தே முகம் வாடி இருந்தான். ஆசிரியை கேட்டதற்கு, "அம்மா மருந்து குடுத்துத்தான் அனுப்பினாங்க டீச்சர்" என்றான். பதினொரு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியதும் மேசையில் தலை சாய்த்துவிட்டான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் நாலைந்து முத்து. இரண்டு வாரம் கழித்து அதே பெஞ்சில் இன்னும் இரண்டு பேருக்குப் போட்டது. நான்காவது பையனுக்கு மட்டும் வரவில்லை. அவனுக்கு சாமி துணை என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அவன் பாட்டியிடம் விசாரித்தேன். மூன்று வயதிலேயே வந்து போய்விட்டதாம்.

சின்னம்மை அப்படித்தான். ஒரு முறை வந்தவர்களுக்கும் தடுப்பூசி போட்டவர்களுக்கும் பெரும்பாலும் வராது, வந்தாலும் லேசாகப் போகும். இதுவரை வராத, ஊசியும் போடாதவர்கள் அம்மை போட்டவரோடு ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். மூச்சிலும் இருமலிலும் பரவும், கொப்புள நீர் பட்டாலும் பரவும். முத்து வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஒட்டிய பிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதனால்தான் அண்ணனுக்கு ஆறி முடிகிற நேரத்தில் தங்கைக்குத் தொடங்குகிறது. காய்ச்சல் மருந்து சூட்டைத்தான் இறக்கும், பரவுவதை நிறுத்தாது. ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

"சின்னப் பிள்ளைக்கு வந்துட்டுப் போகட்டும் சார், நல்லதுதான்" என்கிறார்கள் சிலர். திடமான பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும், உண்மைதான். ஆனால் எல்லா உடம்பும் ஒன்றல்ல. சத்துக் குறைந்த பிள்ளை, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற பிள்ளை, பிறந்த குழந்தை, இதுவரை அம்மை வராத பெரியவர்கள், கர்ப்பிணிகள், இவர்களுக்கு அது நுரையீரல் வரை போகலாம். நம் பள்ளியிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளையின் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள்.

கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து பிள்ளை முழுக்கைச் சட்டையோடு பள்ளிக்கு வருகிறது. வேப்பிலையை நான் குறை சொல்லவில்லை, எங்கள் அம்மாவும் செருகுவார். "இந்த வீட்டுக்கு இப்போது வராதீர்கள்" என்று ஊருக்குச் சொல்கிற வழி அது. ஊரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நம் பிள்ளையை ஊருக்குள் அனுப்பினால் எப்படி? இனி முத்தோடு வருகிற பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்க மாட்டோம். உடனே உங்களுக்கு போன் வரும், நீங்கள்தான் வந்து அழைத்துப் போக வேண்டும். "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு சார்" என்பதும் போதாது. எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். அம்மை இறங்கிய பிறகு ஊற்ற வேண்டிய மூன்றாம் தண்ணீரை, பரீட்சைக்காக நான்காம் நாளே ஊற்றிய வீடும் உண்டு.

இதில் என் தவறும் இருக்கிறது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பரிசு என்று ஜூன் மாதம் அறிவித்தது நான்தான். காய்ச்சலோடு வந்த ஒரு சிறுமி, "பரிசு போயிடும் சார்" என்று அழுதபோதுதான் உறைத்தது. அந்தப் பரிசை ரத்து செய்துவிட்டேன். அம்மைக்காக எடுக்கும் விடுப்பால் யாருக்கும் மதிப்பெண் குறையாது. விட்ட தேர்வைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், பாடத்தை ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.

அப்புறம் ஒன்று. பள்ளியில் தரும் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறு, ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். பழைய சோறோ இரண்டு இட்லியோ, ஏதாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். முடிந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போடலாம்.

போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு தாய் போன் செய்தார். "சார், பொண்ணுக்கு வயித்துல ரெண்டு முத்து மாதிரி தெரியுது, அம்மையான்னு தெரியலை, ஆனா அனுப்பலை." அன்று அவருக்கு வேலைக்குப் போக முடியவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று. அந்த வகுப்பில் இன்றுவரை வேறு யாருக்கும் வரவில்லை. அவருக்கும், அவரைப் போலச் செய்த மற்ற பெற்றோருக்கும் ஆசிரியர்கள் எல்லோர் சார்பிலும் நன்றி.

சந்தேகம் இருந்தால் காலையிலேயே வகுப்பு ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்