கத்தி எடுத்தவர்களும் பத்திரம் தேடினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ரோஜாப்பூப் போர்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அதற்கு முந்நூறு வருடம் முன்னால் இங்கிலாந்து அரியணைக்காக ஸ்டீபனுக்கும் மட்டில்டாவுக்கும் நடந்த சண்டையை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். அதிலும் "கத்தி யார் கையிலோ கிரீடம் அவர் தலையில்" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நான் ஒரு சிவில் வக்கீலிடம் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன். உயில் வழக்கு, தத்து வழக்கு, "அப்பா சாகும்போது என்னிடம்தான் சொன்னார்" வழக்கு எல்லாவற்றின் கட்டுகளையும் கோர்ட்டுக்குச் சுமந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் பார்த்தால் 1135 முதல் 1153 வரை இங்கிலாந்தில் நடந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த விவகாரம்தான்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றிக்கு முறைப்படி பிறந்த பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். மகன் வில்லியம் 1120 நவம்பரில் நார்மண்டியின் பார்ஃப்ளர் துறைமுகத்திலிருந்து 'வெள்ளைக் கப்பல்' ஏறினான். கரையைத் தாண்டுவதற்குள் கப்பல் பாறையில் மோதி, ஏறக்குறைய முந்நூறு பேரோடு மூழ்கியது. ரூவன் ஊர்க் கசாப்புக்காரர் ஒருவர்தான் பிழைத்தார். அதே கப்பலில் ஏறியிருந்த ஸ்டீபன், வயிற்றுப்போக்கு என்று சொல்லிக் கிளம்பும் முன்பே இறங்கிவிட்டாராம். அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வயிறு சரியாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

மிஞ்சியது மகள் மட்டில்டா. ஸ்டீபன் ஹென்றியின் சகோதரி மகன். நம் முறையில் மட்டில்டாவுக்கு அத்தை மகன். ஸ்டீபனின் மனைவி பெயரும் மட்டில்டாதான், அவர் நம் மட்டில்டாவுக்குச் சித்தி மகள். ஸ்காட்லாந்து அரசர் டேவிட் இரண்டு பெண்களுக்குமே தாய்மாமன். குளோஸ்டர் பிரபு ராபர்ட், ஹென்றி மணம் செய்யாமல் பெற்ற மகன், மட்டில்டாவுக்கு அண்ணன். ஆக, சண்டை முழுக்க ஒரு பந்திக்குள்தான்.

1127 புத்தாண்டை ஒட்டி ஹென்றி எல்லாப் பிரபுக்களையும் கூட்டி, தனக்கு ஆண் வாரிசு இல்லாமல் போனால் மட்டில்டாவை ஏற்போம் என்று சத்தியம் வாங்கினார். பிரபுக்களில் முதலில் சத்தியம் செய்தவர் தாய்மாமன் டேவிட். அடுத்து யார் என்பதில் ஸ்டீபனுக்கும் ராபர்ட்டுக்கும் தகராறு. ஸ்டீபன் முந்திக்கொண்டார். மட்டில்டாவுக்கு விசுவாசம் காட்டுவதில் யார் முதல் என்று போட்டி போட்டு ஜெயித்த அதே ஆள்தான், எட்டு வருடம் கழித்து ஹென்றி 1135 டிசம்பர் 1ஆம் தேதி செத்த சேதி வந்ததும் பிரெஞ்சுக் கரையில் இருந்த போலோனிலிருந்து கடல் தாண்டி இங்கிலாந்துக்கு ஓடினார். மட்டில்டா அப்போது கர்ப்பிணி. போதாததற்கு, சீதனமாகச் சொன்ன கோட்டைகளைக் கொடுக்கவில்லை என்று இரண்டாம் கணவரோடு சேர்ந்து அப்பாவிடம் சண்டையில் இருந்தார். ஸ்டீபனுக்கு லண்டன் கதவு திறந்தது. வின்செஸ்டரில் தம்பி ஹென்றிதான் பிஷப், அரசாங்கக் கஜானாவும் அங்கேதான். டிசம்பர் 22ஆம் தேதி முடிசூட்டு விழா.

கட்டுரையாளர் இந்த இடத்தில்தான் கத்தியைக் கொண்டுவருகிறார். ஆனால் இதுவரை கத்தியை யாரும் உருவவில்லை. முடிசூட்ட வேண்டிய கேன்டர்பரி ஆர்ச்பிஷப், "நீங்கள் எல்லாரும் அந்தப் பெண்ணுக்குச் சத்தியம் செய்தீர்களே" என்று தயங்கினார். அப்போது வந்தார் ஹியூ பைகாட் என்ற சாட்சி. மரணப் படுக்கையில் அரசர் மனம் மாறி எல்லாரையும் சத்தியத்திலிருந்து விடுவித்துவிட்டார், நானே கேட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை உடைக்க இன்னொரு சத்தியம். இந்த மாதிரி சாட்சியைக் கூண்டில் பார்த்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

சரி, பதவிக்கு வந்தாயிற்று. 1136இல் ஸ்டீபன் திருச்சபைக்கு ஒரு சாசனம் எழுதிக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறவர்கள் முதலில் "எனக்கு இன்ன வகையில் பாத்தியப்பட்டது" என்று எழுதுவார்கள் அல்லவா? ஸ்டீபனும் அப்படியே தொடங்குகிறார்: கடவுள் அருளால், குருமாரும் மக்களும் சம்மதித்துத் தேர்ந்தெடுத்து, ஆர்ச்பிஷப் அபிஷேகம் செய்து, போப் இன்னசென்ட் உறுதிசெய்த அரசன் நான். எல்லாம் இருக்கிறது. தாத்தா பெயர் இல்லை, மாமா பெயர் இல்லை. பரம்பரை வழி என்று ஒரு சொல் கிடையாது. எழுதியவர் கெட்டிக்காரர், எந்த இடம் ஓட்டை என்று தெரிந்தே அதைத் தாண்டிப் போயிருக்கிறார்.

மட்டில்டா என்ன செய்தார்? அவரும் உடனே படை திரட்டிக்கொண்டு வரவில்லை. ரோமுக்கு அப்பீல் போட்டார். 1139இல் போப் முன்னிலையில் இரு தரப்பும் வாதாடின. ஸ்டீபன் பக்கம் ஆர்னுல்ஃப் என்ற குரு. சத்தியம் பலவந்தமாக வாங்கியது, அரசர் கடைசியில் மனம் மாறினார் என்று சொல்லிவிட்டு, பெரிய குண்டாக ஒன்றைத் தூக்கிப்போட்டார்: மட்டில்டாவின் தாய் மடத்தில் இருந்த கன்னியாஸ்திரி, அதனால் அந்தத் திருமணமே செல்லாது, மகள் முறையாகப் பிறந்தவளே இல்லை. இந்தக் கேள்விக்கு 1100ஆம் ஆண்டிலேயே திருச்சபை விசாரித்து விடை சொல்லியிருந்தது. அப்போது அந்தத் தாய் சொன்ன வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது. நார்மன் ஆண்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகத் தன் தாயின் சகோதரி கிறிஸ்டினா தலையில் முக்காட்டைப் போட்டுவிடுவாராம். அந்த அம்மாள் கண்ணை விட்டு மறைந்ததும் இந்தப் பெண் அதைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதிப்பாராம். நாற்பது வருடம் முன்பு முடிந்துபோன இந்த விவகாரத்தை ஆர்னுல்ஃப் மறுபடி கிளறினார்.

மட்டில்டா பக்கம் பேசிய ஆஞ்சே பிஷப் உல்ஜர், பைகாட் மரணப் படுக்கைப் பக்கமே இல்லையே என்று கேட்டார். குறுக்கு விசாரணையில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. போப் என்ன செய்தார்? வாதத்தை நடுவில் நிறுத்தினார். தீர்ப்புச் சொல்லவில்லை. ஸ்டீபன் அனுப்பிய பரிசுகளை வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே கொடுத்த அங்கீகாரத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில்தான் மட்டில்டா இங்கிலாந்தின் அருண்டெல்லில் வந்து இறங்கினார். கோர்ட்டில் ஆகவில்லை என்றதும்தான் ஆள் இறங்கினார் என்று சொன்னால் தப்பில்லை.

அப்புறம் கத்தி பேசியது, ஒப்புக்கொள்கிறேன். 1141 பிப்ரவரி 2ஆம் தேதி லிங்கன் போரில் ஸ்டீபன் பிடிபட்டு பிரிஸ்டலில் அடைபட்டார். கட்டுரையாளர் கணக்குப்படி மறுநாளே மட்டில்டா தலையில் கிரீடம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வின்செஸ்டரில் கூடிய குருமார் 'ஆங்கிலேயரின் தலைவி' என்று ஏற்றார்கள், அவ்வளவுதான். முடிசூட வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனார், லண்டன்காரர்களிடம் பெருந்தொகை கேட்டார். ஸ்டீபன் மனைவியின் படை தேம்ஸின் தென்கரையில் சூறையாடிக்கொண்டிருந்தது. ஜூன் 24ஆம் தேதி மட்டில்டா சாப்பிட உட்காரும் நேரத்தில் நகரத்து மணிகள் எல்லாம் ஒலிக்க, ஜனங்கள் தேனீக்கூட்டம் போலக் கிளம்பிவிட்டார்கள். எழுந்து குதிரை ஏறினவர் திரும்பி வரவே இல்லை. செப்டம்பரில் அண்ணன் ராபர்ட் பிடிபட, அரசருக்குப் பதில் அண்ணன் என்று ஆள் மாற்றிக்கொண்டு, பழையபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மட்டில்டா தோற்றதற்கு "ஆணவம்" காரணம் என்று கட்டுரையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படி எழுதி வைத்தவர் ஸ்டீபன் கட்சிக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அப்பா ஹென்றி கேட்டால் வரி, மகள் கேட்டால் திமிர்.

நடுவில் நாடு பட்ட பாட்டைப் பீட்டர்பரோ மடத்து வரலாற்றுக் குறிப்பில் படிக்கலாம். கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் தூங்கிவிட்டார்கள் என்று ஜனங்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள் என்கிறது அது. சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லாத காலம். 1152இல் நியூபரி கோட்டையை முற்றுகையிட்ட ஸ்டீபனிடம் ஜான் மார்ஷல் என்ற பிரபு தன் ஐந்தாறு வயது மகனைப் பிணையாகக் கொடுத்துவிட்டு, வாக்கை மீறினார். பையனைத் தூக்கில் போடுவேன் என்றால், "இன்னும் நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கச் சுத்தியலும் பட்டறைக்கல்லும் என்னிடம் இருக்கின்றன" என்று பதில். ஸ்டீபனுக்கு மனசு வரவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து புல்தரையில் முளைக்கும் ஒரு களைச்செடித் தண்டை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, யார் தலையை யார் கொய்வது என்று அந்தப் பையனோடு விளையாடிக்கொண்டிருந்தாராம். பையன் ராஜாவின் பூத்தலையை வெட்டிச் சாய்த்தான். அந்த வில்லியம் மார்ஷல்தான் 1217இல், எழுபது வயதை நெருங்கும்போது, அதே லிங்கனில் பிரெஞ்சு இளவரசன் லூயியின் படையை முறியடித்துச் சிறுவன் மூன்றாம் ஹென்றியின் கிரீடத்தைக் காப்பாற்றியவர்.

முடிவுக்கு வருகிறேன். 1153இல் மட்டில்டாவின் மகன் ஹென்றியின் படையும் ஸ்டீபன் படையும் வாலிங்ஃபோர்டில் எதிரெதிரே நின்றபோது, சண்டை போட மாட்டோம் என்று இரண்டு பக்கத்துப் பிரபுக்களுமே சொல்லிவிட்டார்கள். யார் ஜெயித்தாலும் தங்கள் நிலம் போகும் என்ற கணக்கு. ஸ்டீபனின் மூத்த மகன் யூஸ்டஸ் கோபித்துக்கொண்டு போய் அந்த ஆகஸ்டிலேயே செத்தான். நவம்பரில் சமரசம். ஸ்டீபன் ஆயுள் வரைக்கும் அரசர், அவருக்குப் பின் ஹென்றி, இளைய மகன் வில்லியத்துக்குச் சொத்து. அந்த ஏற்பாட்டுக்கு எழுதிய சாசனத்தில் ஸ்டீபன் என்ன எழுதினார் தெரியுமா? ஹென்றியைப் "பரம்பரை உரிமைப்படி என் வாரிசாக" ஆக்குகிறேன் என்று. 1136இல் எழுதாமல் தாண்டிப்போன அதே சொல்லைத்தான், பதினேழு வருடம் ரத்தம் சிந்திய பிறகு, தன் கையாலேயே எதிராளிக்கு எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். படத்தின் கீழே "இங்கிலாந்து ராணி மட்டில்டா" என்று போட்டிருக்கிறீர்கள். அவருக்கு அங்கே முடிசூட்டவே இல்லை. முதல் கணவர் ஜெர்மானியப் பேரரசர் என்பதால் கடைசிவரை 'பேரரசி' என்றே போட்டுக்கொண்டார். இங்கிலாந்தில் கொடுத்த சாசனங்களில்கூட அவர் குத்திய முத்திரை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பழைய முத்திரைதான், அதில் 'ரோமானியரின் ராணி' என்று இருக்கும். அடுத்த இதழில் 'பேரரசி மட்டில்டா' என்று திருத்திப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
கும்பகோணம்