தனியாகப் படகில் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தனியாகத்தான் போவேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. வாய் ஓயாமல் பேசுகிற துணை ஒன்று படகில் இருந்தால் பாதிப் பறவைகள் கண்ணிலேயே படாது.

ஆனால் நீ அனுப்பிய திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் காலை 8 மணிக்குப் புறப்பாடு, 12 மணிக்குக் கழிமுகம் என்று ஆபீஸ் போவதுபோல் போட்டிருக்கிறாய். அங்கே நேரம் குறிப்பது ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது. பெரும்பாலான கரைகளில் நீர் ஏறி முடிந்து, வற்றி முடிய 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அந்த உச்சமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இன்று 8 மணிக்குத் தளும்புகிற வாய்க்கால், ஒரு வாரம் கழித்து அதே 8 மணிக்கு வெறும் சேறு. வற்றத் தொடங்கி மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் இழுப்பு அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கடுமை. கடலிலிருந்து வீசும் காற்றும் சேர்ந்துகொண்டால் முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அந்த நேரம் எங்காவது ஒதுங்கி நங்கூரம் போட்டுவிட்டுச் சாப்பிடு. கயிற்றை மட்டும் தாராளமாக விடு. நீர் உச்சத்தில் இருக்கும்போதுள்ள ஆழத்தைப் போல 5 மடங்காவது வேண்டும்.

நீ பார்க்கப்போகிற பறவைகளுக்கும் இதே கணக்குத்தான். நீர் இறங்க இறங்க உள்ளான், கோட்டான் போன்ற கரைப்பறவைகள் சேற்றுக்கு வந்துவிடும். (கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்காதே, இது curlew.) பைனாகுலரை ஒரே ஒரு கோட்டான்மேல் வைத்துக் காத்திரு. வளைந்த நீள அலகை முகம் சேற்றில் படும்வரை உள்ளே விடும். சேற்றுக்குள்ளேயே அலகின் நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வும். அப்புறம் அது அறுந்துவிடாமல் மெல்ல உருவும். அவசரமே இருக்காது.

நீர் ஏறிய பிறகு இவையெல்லாம் மிச்சமிருக்கும் மேட்டில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். அப்போது மட்டும் கிட்டே போகாதே. 2022இல் பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை சுமார் 13,560 கி.மீ. எங்கும் இறங்காமல் பறந்தது, 11 நாளில்! உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். ஒரு போட்டோவுக்காக நாம் கிளப்பிவிட்டால் அதுதான் வீணாகும். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தால் துடுப்பை நிறுத்திவிடு. ஓங்கில்கள் (டால்பின்கள்) தென்பட்டாலும் துரத்தாதே, பிரியப்பட்டால் அவையே வரும்.

சரி, இனி அப்பா பேச்சு. லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கவேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல. போனை நீர்புகா உறையில் போட்டு உன்மேலேயே கட்டிக்கொள். நீ விழுந்தால் படகு தனியாகப் போய்விடும். தரைதட்டினால் சேற்றில் கால் வைக்காதே, புதைந்துவிடும். படகிலேயே உட்கார், நீர் திரும்பி வந்து தூக்கிவிடும்.

ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுத் திட்டம் எழுதி அனுப்பு. எங்கே தங்குவாய், எத்தனை மணிக்குக் கரையேறுவாய் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சொன்ன நேரம் தாண்டி 2 மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டுவிடுவேன். மானம் போகிறதென்று பிறகு சண்டைக்கு வராதே.

அன்புடன்,
அப்பா